நின்ற வண்டியே நிர்வகித்த வண்டி

விரைவுச்சாலையைச் செப்பனிடப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் வசிக்கும் ஒருவரும் வருத்தப்படவில்லை. சாலை அப்படி இருந்தது. புதுக் கார்களை முதுகில் ஏற்றிச் செல்லும் டிரெய்லர்களும் கண்டெய்னர்களும் ஓடி ஓடி, கல்லில் ஒட்டிக்கொண்டு பிய்த்தெடுத்த தோசை மாதிரி அதை ஆக்கியிருந்தன. ஆகவே சாலையோரம் நட்டுவைத்த பெரிய பலகையை மக்கள் நம்பிக்கையோடு படித்தார்கள். ‘உங்கள் வசதிக்காக நீங்கள் படப்போகும் அசௌகரியத்துக்கு நன்றி’ என்று அதில் எழுதியிருந்தது. வருந்துகிறோம் என்று வரவேண்டிய இடத்தில் நன்றி என்று வந்திருப்பது அச்சுப்பிழை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஐயனாருக்கு அந்தப் பலகைக்குக் கீழேயே வேலை கிடைத்தது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவன். வல்லம் வடகாலில் கார் இருக்கை தைக்கும் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தான். அவனை நிரந்தரமாக்க வேண்டிய காலம் நெருங்கியதும், கம்பெனி வழக்கம்போல அவனுடைய எதிர்காலம் சிறக்க வாழ்த்தி, கேட் வரைக்கும் ஆள் போட்டு அனுப்பிவைத்தது. அவன் மனைவி முத்துச்செல்வி ஒரகடம் தாண்டி செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் லைனில் நிற்பவள். அவளும் ஒப்பந்தம்தான். ஆனால் அவளுடைய கம்பெனி, நேரம் தவறாமல் வருகிற சிலரை மட்டும் இந்த வருஷம் நிரந்தரமாக்கப் போவதாகச் சொல்லியிருந்தது. அந்தச் சிலரில் ஒருத்தியாகிவிட வேண்டும் என்பதைத் தவிர, ஸ்ரீபெரும்புதூரில் அவர்கள் வாடகைக்கு இருந்த ஒற்றை அறையில் அப்போது வேறு பேச்சு இல்லை.

போக்குவரத்து மேலாண்மைப் பிரிவின் அலுவலகம் சாலையோரத்தில், ஏசி பொருத்திய ஒரு கண்டெய்னருக்குள் இருந்தது. பிரிவின் முதன்மை ஒருங்கிணைப்பாளர் நம்பிராஜன் ஐயனாரை நேர்காணல் செய்தார். தலைக்கவசத்தை அலுவலகத்துக்குள்ளும் கழற்றாதவர். கூரை விழுந்துவிடும் என்ற பயமில்லை. அது அவருக்கு நன்றாக இருந்தது.

“சிவப்பு எது, பச்சை எதுன்னு தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியும் சார்.”

“ரெண்டுல எது முக்கியம்?”

ஐயனார் யோசித்தான். “ரெண்டும் சார்.”

“சிவப்பு,” என்றார் நம்பிராஜன். “பச்சைக் கொடிங்கிறது வாகனங்களோட சொந்த ஆசை. சிவப்புதான் நிர்வாகம். நாளையிலிருந்து வந்துடு.”

மறுநாள் பயிற்சி. பிரிவின் துணை அதிகாரி சுபஸ்ரீ திரையில் படங்கள் போட்டு வகுப்பெடுத்தாள். அக்கறையான பெண். வாகன ஓட்டி நம்முடைய விருந்தாளி என்று சொல்லிக்கொடுத்தாள். விருந்தாளி வந்ததும் உடனே அனுப்பிவிடுவது மரியாதையல்ல என்றும் சொன்னாள். பயிற்சிக்கு வந்திருந்த ஆறு பேரும் கைதட்டினார்கள். பிறகு ஐயனாருக்கு ஒளிரும் ஜாக்கெட், இரண்டு கொடி, ஒரு வாக்கி டாக்கி எல்லாம் தந்து அவனுடைய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

அந்த இடத்தில் மூன்று வழியாக வந்த சாலையை ஆரஞ்சுக் கூம்புகளும் தடுப்புகளும் வைத்து ஒரே வழியாகச் சுருக்கியிருந்தார்கள். அந்த ஒரே வழியும் கொஞ்ச தூரம் போய் இடதுபக்கம் மண்பாதையில் இறங்கி, மரியஜோசப் என்பவருடைய வீட்டு வாசலைத் தொட்டுக்கொண்டு வளைந்து, மறுபடி மேலே ஏறியது. மூடப்பட்ட வழிகளில் ஏதாவது வேலை நடக்கிறதா என்று ஐயனார் எட்டிப்பார்த்தான். ஒரு நாய் படுத்திருந்தது. ஜல்லி இல்லை, தார் இல்லை, ரோலர் இல்லை. முதல் வாரம், எந்திரங்கள் இன்னும் வந்துசேரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தான். முதல் மாதமும் அப்படியே நினைத்தான். பிறகு ஒருநாள் பார்வையிட வந்த நம்பிராஜனிடம் கேட்டுவிட்டான்.

“சார், ரோட்டு வேலை எப்ப தொடங்கும்?”

“நல்ல கேள்வி,” என்றார் அவர். “போக்குவரத்து சீரானாத்தான் வேலையைத் தொடங்க முடியும். நெரிசலா இருக்கிற ரோட்டுல எப்படி வேலை செய்ய முடியும்? அதனால நெரிசல் குறையறதுக்காகக் காத்துட்டிருக்கோம்.”

“நெரிசல் ஏன் சார் குறைய மாட்டேங்குது?”

“மூணு வழியை ஒரு வழியா மாத்தி வச்சிருக்கோம்ல, எப்படிக் குறையும்?” என்றார் நம்பிராஜன், இவ்வளவு எளிய விஷயம் இவனுக்குப் புரியவில்லையே என்ற பரிவோடு.

முத்துச்செல்வி வரும் கம்பெனி பஸ்ஸும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். முதல்நாள் ஐயனார் சிவப்புக் கொடியைத் தூக்கி அதை நிறுத்தியபோது அவள் ஜன்னல் வழியே பக்கத்து இருக்கைக்காரியிடம், “அந்தா நிக்காகள்லா, எங்க வீட்டுக்காரர்தான்,” என்று காட்டினாள். பக்கத்து இருக்கைக்காரி அவனுக்கு வணக்கம் வைத்தாள். இரண்டாவது வாரம் முத்துச்செல்வி ஜன்னலோரத்தில் உட்காரவில்லை. அதற்கடுத்த வாரம் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். பஸ் நின்று கிடக்கும் நேரத்தில் உள்ளே இருந்த பெண்கள் வல்லக்கோட்டை முருகன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார்கள். முருகன் என்ன செய்வார்? அவருடைய பக்தர்களும் பின்னால் ஒரு வேனில் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஒருநாள் சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்ததும் பையை மூலையில் வைத்துவிட்டு, கை கால் கழுவாமல் அப்படியே உட்கார்ந்தாள்.

“இன்னைக்கும் லேட்டு,” என்றாள். “சூப்பர்வைசர் கவிப்பிரியா எல்லாரு முன்னாலயும் கேக்காங்க. உன் வீட்டுக்காரருதான கொடி புடிச்சு நிக்காரு, உன் பஸ்ஸை மட்டும் விடச் சொல்லக் கூடாதாங்காங்க. லைனே சிரிக்கு.”

“நான் என்னட்டி செய்ய? மேல இருந்து சொன்னாத்தான பச்சை காட்ட முடியும்.”

“மேலன்னா யாரு?”

ஐயனார் கொஞ்சம் யோசித்து, “வாக்கி டாக்கி,” என்றான்.

“இன்னும் ஒருதரம் லேட்டா வந்தா பெர்மனென்ட் லிஸ்ட்ல இருந்து பேரை எடுத்துருவாங்களாம். அப்புறம் நானும் ஒங்க கூட வந்து கொடி புடிக்க வேண்டியதுதான்.” மூலையிலிருந்த பையை இழுத்து டிபன் டப்பாவை வெளியே எடுத்தாள். “எங்க பஸ்ஸை நிறுத்தும்போது மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிடுதீங்களே, அதும் வாக்கி டாக்கிதான் சொல்லுதா?”

அதை மட்டும் அவனாகத்தான் செய்துகொண்டிருந்தான்.

மறுநாள் அவன் துணிந்து கண்டெய்னர் அலுவலகத்துக்குப் போனான். உள்ளே சுவர் முழுக்க ஒரு திரை. அதில் சாலையின் படமும் ஒரு ஓரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் எண்ணும் தெரிந்தன. தன் மனைவியின் பஸ்ஸுக்கு மட்டும் காலையில் வழிவிட முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். நம்பிராஜன் கோபப்படவில்லை. நாற்காலியைத் திருப்பி அவனைத் திரைக்கு முன்னால் நிறுத்தினார்.

“இந்த எண் என்னன்னு தெரியுமா? நாம நிர்வகிச்ச வாகனங்கள். போற வண்டியைக் கேமரா எண்ணாது. ஏன்? அது பாட்டுக்குப் போகுது, நாம என்ன செஞ்சோம்? ஒண்ணுமில்ல. நின்ன வண்டிதான் நம்ம கைக்குள்ள வந்த வண்டி. போன மாசத்தைவிட இந்த மாசம் ரெண்டு மடங்கு நிர்வகிச்சிருக்கோம். இந்தியாவுலயே இவ்வளவு வாகனத்தை இவ்வளவு நேரம் நிர்வகிச்ச பிரிவு வேற கிடையாது.”

“சரி சார். எங்க வீட்டம்மா பஸ்…”

“அதைத்தான் சொல்ல வர்றேன். எல்லா வண்டிக்கும் நாம சேவை செய்யறோம். உன் மனைவி பஸ்ஸை மட்டும் விட்டுட்டா, அந்த பஸ்ஸுக்கு நாம ஒரு சேவையும் செய்யலைன்னு ஆயிடும். உன் மனைவிக்கு நாம சேவை செய்ய வேண்டாமா?”

“செய்யணும் சார்,” என்றான் ஐயனார். வெளியே வெயிலில் வந்து நின்ற பிறகுதான் தான் எதற்குச் சம்மதித்தோம் என்பது அவனுக்கு மெல்ல விளங்கியது.

இதற்கிடையில் உள்ளூர் ஆட்கள் ஏரிக்கரை ஓரமாக ஒரு குறுக்குப்பாதை கண்டுபிடித்து அதில் பைக்கிலும் ஆட்டோவிலும் போகத் தொடங்கினார்கள். பிரிவு இதைக் ‘கசிவு’ என்று அழைத்தது. கசிவை அடைக்க அங்கேயும் ஒரு தடுப்பு வைத்து, மாற்றுப்பாதைக்கு ஒரு மாற்றுப்பாதை அமைத்தார்கள். அது வயல் நடுவில் சுற்றிச் சுற்றி வந்து ஐயனாருக்குப் பின்னாலேயே விரைவுச்சாலையில் சேர்ந்தது. வழி தவறிய ஒரு டிரெய்லர் அவனிடம் திரும்பத் திரும்ப வந்தது. இரண்டாம் முறை வந்தபோது டிரைவர் வைதார். மூன்றாம் முறை வணக்கம் சொன்னார். அதற்கடுத்த முறை வண்டியை அணைத்துவிட்டு இறங்கிவந்து, “தம்பிக்கு எந்த ஊரு?” என்று விசாரித்தார். திரையில் அது நான்கு டிரெய்லர்களாகப் பதிவானது.

பொதுமக்கள் குறை சொல்கிறார்கள் என்று செய்தித்தாளில் ஒரு மூலையில் வந்துவிட்டது. உடனே பிரிவு பொதுமக்கள் கலந்தாய்வுக் கூட்டம் ஒன்றை ஏற்பாடு செய்தது. மூடிக்கிடந்த வழியில் பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, சமோசாவும் வைத்திருந்தார்கள். அழைக்கப்பட்ட பொதுமக்கள் நெரிசலில் மாட்டிக்கொண்டு வந்துசேரவில்லை. ஆகவே பக்கத்தில் நின்றிருந்த பஸ்களிலிருந்து பொதுமக்களை இறக்கிக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். மாற்றுப்பாதையில் வீடு உள்ளவர் என்பதால் மரியஜோசப்புக்கு முன்வரிசை.

நம்பிராஜன் மைக்கைப் பிடித்தார். “செம்பரம்பாக்கம் ஏரியைப் பாருங்க. தண்ணியை அப்படியே ஓட விட்டுட்டா சென்னைக்குக் குடிக்க என்ன இருக்கும்? பிடிச்சு வைக்கிறோம், தேவைக்கு விடறோம். வாகனமும் அப்படித்தான். இந்த இடத்துல நாங்க ஒரு வாகன ஏரியை உருவாக்கியிருக்கோம்.”

மரியஜோசப் எழுந்தார். மெலிந்த, நிதானமான மனிதர். கிராமத்துச் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை வாசகம் படிப்பவர் என்பதால் மைக்கைக் கண்டு பயப்படவில்லை.

“நல்லாத்தான் சொன்னீங்க சார். அந்த ஏரியையும் இப்டித்தான் புடிச்சி வச்சிகினு இருந்தாங்க. ரெண்டாயிரத்துப் பதினஞ்சுல மழை வந்து தொறந்தாங்க. எங்க தங்கச்சி வூடு முடிச்சூர்ல. மொட்டை மாடில குந்திகினு இருந்தா. அது கெடக்கட்டும். இப்போ என் வூட்டாண்ட லாரி நிக்கிது. கிச்சன் ஜன்னலைத் தொறந்தா டிரைவர் மூஞ்சி கீது. எங்க வூட்டம்மா அன்னபுஷ்பம் கொழம்பு வச்சா, இன்னாம்மா புளி தூக்கலா கீதேன்றான். ஒரு நாள் ரெண்டு நாள்னா பரவால்ல. இன்னா சார் பண்றது?”

சுபஸ்ரீ ஆர்வத்தோடு குறிப்பெடுத்தாள். நம்பிராஜன் முகம் மலர்ந்தது.

“இதுதான் நாங்க எதிர்பார்த்தது. சாலைப் பயனாளிக்கும் உள்ளூர் சமூகத்துக்கும் நடுவுல இருந்த இடைவெளியை இந்தத் திட்டம் குறைச்சிருக்கு. ஐயா வீட்டுக் குழம்பை ஒரு வெளியூர் டிரைவர் ருசி பார்த்துக் கருத்துச் சொல்றார். இது விரைவுச்சாலை வேகமா ஓடின காலத்துல நடந்திருக்குமா?”

மரியஜோசப், “அவன் ருசி பாக்கல சார். வாசனைய வச்சிதான் சொன்னான்,” என்று திருத்திவிட்டு உட்கார்ந்தார். கூட்டம் வெற்றி என்று அறிவிக்கப்பட்டது.

வெற்றியின் சேதி மேலே மேலே போய், சிறந்த போக்குவரத்து மேலாண்மைக்கான விருதுக்குப் பிரிவின் பெயர் பரிசீலனைக்கு வந்துவிட்டது. உயர்நிலை ஆலோசகர் ஒருவர் நேரில் வந்து பார்ப்பார் என்று தெரிந்ததும் கண்டெய்னருக்கு வெள்ளையடித்தார்கள். கொடி பிடிப்பவர்களை வரிசையாக நிற்கவைத்து நம்பிராஜன் கட்டளை கொடுத்தார். ஆலோசகர் வரும் காலைப்பொழுதில் நெரிசல் நிறைவாக இருக்க வேண்டும். ரொம்பக் குறைவாக இருந்தால் நமக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டுவிடுவார். ரொம்ப அதிகமாக இருந்தாலும் அவர் பாதிக்கப்பட மாட்டார், ஏனென்றால் மூடிக்கிடக்கும் வழியை அவருடைய காருக்கு மட்டும் திறந்துவிடப் போகிறோம்.

“காலி ரோட்டுல நிதானமா வருவார். இடதுபக்கம் முழுக்க வாகனம் நின்னுட்டிருக்கும். ஒரு அணிவகுப்பு மரியாதை மாதிரி,” என்றார்.

அதே நாள் காலையில்தான் முத்துச்செல்விக்குக் கம்பெனியில் நிரந்தரத்துக்கான நேர்காணல் வைத்திருந்தார்கள்.

விடிந்ததும் அவள் தலைவாரிக்கொண்டே, கண்ணாடியைப் பார்த்தபடி, “இன்னைக்கு மட்டும்,” என்றாள். மீதியைச் சொல்லவில்லை. ஐயனார் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

அன்று நெரிசல் நம்பிராஜன் கேட்டபடியே அமைந்தது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை பஸ், லாரி, டிரெய்லர், பால்வண்டி. ஹாரன் அடித்து அடித்துச் சலித்து டிரைவர்கள் இறங்கி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். முத்துச்செல்வியின் பஸ் அவனுக்கு நேராக வந்து நின்றது. அவள் இன்று ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தாள். முகத்தை மூடவில்லை. நல்ல சுடிதாருக்கு மேல் கம்பெனிக் கோட்டு. அவள் கெஞ்சவுமில்லை, முறைக்கவுமில்லை. நாளைக்கும் இதே ஆள், இதே கொடி, இதே சாலை என்று முடிவுக்கு வந்துவிட்ட மாதிரி அவனைப் பார்த்தாள். ஐயனார் வழக்கம்போல முகத்தைத் திருப்பினான். திருப்பிய பக்கத்தில் மூடிக்கிடந்த வழி தெரிந்தது. அகலமாக, காலியாக, ஒரகடம் வரைக்கும் நேராகப் போனது. மாதக்கணக்காகச் சக்கரம் படாததால் ஓரங்களில் புல் முளைத்திருந்தது.

அவன் கொடியைக் கீழே வைத்தான். தடுப்பு ஒன்றைப் பிடித்து இழுத்து ஓர் ஆள் போகிற அளவுக்கு விலக்கினான். நேராக பஸ்ஸிடம் போய் கதவைத் தட்டினான்.

“செல்வி, எறங்கு. நட.”

“எங்ஙன நடக்க?”

“ரோட்டுலதான். சும்மாத்தான கெடக்கு. இங்கருந்து ஒங்க கம்பெனி ஒரு நாலு கிலோமீட்டர்தான், வேகமா நடந்தா நேரத்துக்குப் போயிரலாம்.”

“ஒங்களுக்கு வேலை போயிருமே.”

“இது ஒரு வேலையா? எறங்குட்டி.”

அவள் இறங்கினாள். செருப்பு வாரை இழுத்துவிட்டுக்கொண்டு தடுப்பின் இடைவெளிக்குள் நுழைந்து நடக்கத் தொடங்கினாள். பக்கத்து இருக்கைக்காரி எட்டிப்பார்த்தாள். அவளுக்கும் அன்று நேர்காணல். அவளும் இறங்கினாள். பிறகு அந்த பஸ் முழுக்க இறங்கியது. பின்னால் நின்ற பஸ்ஸில் இருந்தவர்களுக்கு விஷயம் என்ன என்று தெரியாது, ஆனால் எல்லோரும் நடக்கும்போது உட்கார்ந்திருப்பது தப்பாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் வெள்ளைக் கோட்டு, நீலக் கோட்டு, சாம்பல் சட்டை என்று எல்லாக் கம்பெனிகளும் விரைவுச்சாலையில் நடந்துகொண்டிருந்தன. ஐயனாரின் இடுப்பிலிருந்த வாக்கி டாக்கி, “யார் அது, யார் அது,” என்று கத்திக்கொண்டே இருந்தது. அவன் அதைக் கழற்றிக் கூம்பின் மேல் வைத்தான். இவ்வளவு லேசாக இருந்து ரொம்ப நாளாயிற்று என்று அவனுக்குத் தோன்றியது.

ஆலோசகரின் கார் அந்த நேரத்தில்தான் வந்தது. முன்னால் நம்பிராஜனின் ஜீப். காலியாக இருக்கவேண்டிய வழியில் நூற்றுக்கணக்கான முதுகுகளைக் கண்டு ஜீப் நின்றது. அதனால் காரும் நின்றது. நம்பிராஜன் குதித்து ஓடிவந்தார். தலைக்கவசத்துக்குக் கீழே வியர்வை கோடு கோடாக இறங்கியது. ஆலோசகர் நிதானமாக இறங்கி, வெயில் கண்ணாடியைக் கழற்றி, போய்க்கொண்டிருக்கும் கூட்டத்தைப் பார்த்தார்.

“இது யார் செஞ்சது?” என்று கேட்டார்.

“இவன்தான் சார்,” என்று நம்பிராஜன் ஐயனாரைக் காட்டினார். “கொடி பிடிக்கிற ஆள். தற்காலிகம். எங்க பிரிவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல சார்.”

ஆலோசகர் ஐயனாரிடம் வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“அற்புதம். நான் எத்தனையோ நாடு போயிருக்கேன். விரைவுச்சாலையில ஜனங்க நடந்து எங்கயும் பார்த்ததில்ல. ஏன்னா அங்கெல்லாம் சட்டம் விடாது. இங்க பாருங்க. புகை இல்ல, சத்தம் இல்ல, டீசல் இல்ல. ஒரு பஸ்ஸை நிறுத்தினா ஒரு வாகனத்தைத்தான் நிர்வகிக்கிறோம். உள்ள இருக்கிறவங்களை இறக்கி நடக்க விட்டா ஐம்பது பேரை நிர்வகிக்கிறோம். வண்டி ஓட ரோடு வேணும்னு நினைச்சதுதான் நம்ம துறையோட பழைய தப்பு.”

“எங்க பிரிவோட வழிகாட்டுதல்லதான் சார் இவர் இதைச் செஞ்சார்,” என்றார் நம்பிராஜன். “ரொம்ப நாள் திட்டம். உங்களுக்கு ஒரு இன்ப அதிர்ச்சியா இருக்கட்டும்னு சொல்லாம வச்சிருந்தோம்.”

ஐயனார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். தன்னைத் திட்டப் போகிறார்கள் என்று தயாராக இருந்தவனுக்கு, கையைக் குலுக்கினால் என்ன செய்வதென்று தெரியவில்லை. “அவங்களுக்கு நேரமாச்சு சார், அதான்,” என்றான். ஆலோசகர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

முத்துச்செல்வி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். வேர்த்து வழிந்தபடி உள்ளே நுழைந்தவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து நேர்காணல் செய்தார்கள். அந்த மாதக் கடைசியில் அவள் நிரந்தரமானாள். அன்று சாயங்காலம் பிரியாணி வாங்கிவந்து இருவரும் சாப்பிட்டார்கள். “நீங்க கொடியைக் கீழ போட்டப்ப சினிமாவுல வாற மாதிரி இருந்துச்சு,” என்று அவள் சொன்னாள். ஐயனார் ஒரு முட்டையை எடுத்து அவள் தட்டில் வைத்தான். கல்யாணமாகி அவர்கள் இவ்வளவு சந்தோஷமாக இருந்தது அன்றைக்குத்தான்.

ஆலோசகர் வந்துபோன அடுத்த வாரமே பிரிவு வேலையில் இறங்கியது. அத்தனை மாதங்களில் அந்தச் சாலையில் நடந்த முதல் வேலை அது. மூடிக்கிடந்த வழி முழுவதற்கும் பச்சைப் பெயிண்ட் அடித்தார்கள். ‘பசுமை நடைவழி’ என்று பலகை வைத்தார்கள். ஜனங்கள் நடக்கிற இடத்தில் எந்திரங்களைக் கொண்டுவருவது ஆபத்து என்பதால் அந்த வழியைச் செப்பனிடும் திட்டம் கைவிடப்பட்டது. கம்பெனி பஸ்கள் தொழிலாளர்களைத் தடுப்புக்கு இந்தப் பக்கமே இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. கம்பெனிகள் எதிர்க்கவில்லை. டீசல் மிச்சம். முத்துச்செல்வியின் கம்பெனி, நடப்பதால் இதயத்துக்கு வரும் நன்மைகளைப் பற்றிக் கேன்டீனில் ஒரு போஸ்டர் ஒட்டியது. அதில் வெளிநாட்டுப் பெண் ஒருத்தி ஒரு பூங்காவில் சிரித்துக்கொண்டே நடந்தாள்.

திறப்பு விழாவில் நம்பிராஜன் பேசினார். “இது தொழிலாளர்கள் தாங்களாவே விரும்பித் தேர்ந்தெடுத்த வழி. யாரும் அவங்களைக் கட்டாயப்படுத்தல. பஸ்ஸை நிறுத்தினோம், அவ்வளவுதான்.”

வெயில் காலம் வந்தது. பச்சைப் பெயிண்ட் சூடேறிச் செருப்பில் ஒட்டியது. ஷிப்ட் மாறும் நேரத்தில் வருகிறவர்களும் போகிறவர்களும் எதிரும் புதிருமாக மோதிக்கொண்டதால் நடைவழியிலும் நெரிசல் ஏற்பட்டது. பிரிவு இதற்காகத்தான் காத்திருந்தது. நடைவழியைப் பாதியாகச் சுருக்கி, நடுவில் தடுப்பு வைத்து, நடப்பவர்களை நிறுத்தி நிறுத்தி அனுப்ப ஆட்களைப் போட்டார்கள். கேமரா இப்போது மனிதர்களையும் எண்ணியது, நின்றவர்களை மட்டும். மரியஜோசப் வீட்டு வாசலில் லாரி முன்போலவே நின்றது. அவரைக் கேட்டால், “நம்ம பிரச்னை வேற கேட்டகிரியாம்பா,” என்றார்.

ஐயனார் நடைவழி ஒருங்கிணைப்பாளனாகப் பதவி உயர்வு பெற்றான். முடியாது என்று சொல்லத்தான் போனான். ஆனால் வேறு வேலை கிடைக்கவில்லை, ஊரில் இருவருடைய வீட்டுக்கும் பணம் அனுப்பவேண்டியிருந்தது. சுபஸ்ரீ வேறு, “உங்களை முன்மாதிரியா வச்சுத்தான் இப்ப பயிற்சியே கொடுக்கிறேன்,” என்று கண்கலங்கச் சொன்னாள். அவளுடைய திரையில் இப்போது அவன் தடுப்பை விலக்குகிற படம் இருந்தது. விருது பிரிவுக்குக் கிடைத்தது. சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் நடந்த விழாவில் ஐயனாரையும் மேடையேற்றி ஒரு கேடயம் கொடுத்தார்கள். கண்ணாடிக் கேடயம். உள்ளே நடந்துபோகும் ஒரு பெண்ணின் உருவம் செதுக்கியிருந்தது. முகம் இல்லை.

அவன் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது முத்துச்செல்வியும் அப்போதுதான் வந்திருந்தாள். ஒரு வாளியில் உப்புப் போட்ட வெந்நீரில் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். குதிகாலில் தோல் உரிந்திருந்தது. கண்ணை மூடியிருந்தவள் காலடிச் சத்தம் கேட்டுத் திறந்தாள்.

“என்ன அது?”

“கேடயம். விருது குடுத்தாங்க.”

“எதுக்காம்?”

அவன் சொல்வதா வேண்டாமா என்று நின்றான். “ஒங்களை எல்லாம் நடக்க வச்சதுக்கு.”

அவள் கையை நீட்டி அதை வாங்கிப் பார்த்தாள். உள்ளே இருக்கிற பெண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “இவளுக்குச் செருப்பே இல்லியே,” என்றாள். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டுக் காலை வாளிக்குள் மெல்ல அசைத்தாள்.

“செல்வி, நான் வேணும்னா நாளைக்கு நம்பிராஜன் சார்கிட்டப் பேசுதேன். இப்ப எம்மேல நல்ல மதிப்பு இருக்கு. பழையபடி பஸ்ஸையே விடச் சொல்லிக் கேட்டுப் பாக்கேன்.”

“கேக்காதீங்க,” என்றாள் முத்துச்செல்வி. குரலில் கோபம் இல்லை, நிஜமான பயம் இருந்தது. “சாமி சத்தியமா கேக்காதீங்க. நீங்க எனக்கு இன்னொரு நல்லது செஞ்சீங்கன்னா, அதையும் அவங்க எல்லாருக்கும் செஞ்சிருவாங்க.”

வெந்நீர் ஆறிவிட்டிருந்தது. ஐயனார் கேடயத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, இன்னொரு பானைத் தண்ணீரை அடுப்பில் வைத்தான்.